ஊர் சேர்ந்து கரண்டை நடத்துவது: கன்னியாகுமரி மாவட்டக் கேள்விகளும் பதில்களும்

சோலார் பேனல் மாட்டித் தர ஆள் நிறைய உண்டு. பத்து வீடோ ஒரு ஊரோ சேர்ந்து மாட்டிய பிறகு அதைச் சண்டையில்லாமல் நடத்துவதுதான் கடினம். அதைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

குளச்சல்: அண்ணே, ஒக்கி புயலுக்கு அப்புறம் எங்கள் பக்கம் நாள்கணக்கில் இருட்டு. எல்லா மட்டுப்பாவிலும் சோலார் போட்டால் அடுத்த புயலுக்குத் தப்பிக்கலாமா?

மின்வாரிய லைனோடு சேர்ந்து ஓடும் சாதாரண ஆன்-கிரிட் சோலார் என்றால் தப்பிக்க முடியாது, தம்பி. லைனில் கரண்ட் போனதும் அந்த இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும். நிற்கத்தான் வேண்டும், இல்லையென்றால் கம்பத்தில் ஏறி வேலை செய்கிறவர் உயிருக்கு ஆபத்து. 2017 நவம்பர் 30 அன்று விழுந்த மாதிரி கம்பங்கள் விழுந்தால், வெயில் அடித்தாலும் பேனல் சும்மாதான் கிடக்கும். பேட்டரியோடு ஹைப்ரிட் இன்வெர்ட்டர் வேண்டும். அதை வீட்டுக்கு வீடு வாங்குவது பெரிய செலவு. அதனால் முதலில் ஊருக்கு ஒரு கட்டடம் போதும். தேவாலயப் பங்கு மண்டபமோ பள்ளிக்கூடமோ. போன் சார்ஜ், வயர்லெஸ், இன்சுலின் வைக்க ஒரு பிரிட்ஜ், குடிதண்ணீர் மோட்டார், நாலு லைட். மற்ற நாட்களில் அந்தக் கட்டடத்தின் பில்லும் குறையும். உப்புக்காற்றுக்கான ஐஇசி 61701 சோதனையில் தேறிய பேனலா என்று கேட்டு வாங்குங்கள்.

தக்கலை: என் வீட்டில் மிச்சமாகும் கரண்டைப் பக்கத்து வீட்டுக்கு வயர் இழுத்து விற்கலாமா சார்?

கூடாது. 2003 மின்சாரச் சட்டப்படி விநியோகத்துக்கு உரிமம் வேண்டும். லக்னோவில் 2020இல் வீட்டுக்கு வீடு விற்கும் முயற்சி ஒன்று நடந்தது. அதிலும் தனி வயர் இல்லை. கரண்ட் போனது மின்வாரிய லைனில், கணக்கு மட்டும் செயலியில்.

நாகர்கோவில், அடுக்குமாடி சங்கம்: இருபத்துநான்கு வீடு, ஒரே மொட்டை மாடி. யாருக்கு எத்தனை பேனல் என்று பேச்சு ஆரம்பித்தாலே கூட்டம் கலைந்துவிடுகிறது.

அந்தப் பேச்சையே ஆரம்பிக்காதீர்கள். லிப்ட், தண்ணீர் மோட்டார், படிக்கட்டு விளக்கு ஆகிய பொது இணைப்புக்கு மட்டும் முதலில் போடுங்கள். பராமரிப்புக் கட்டணம் எல்லாருக்கும் குறையும், பங்கு பிரிக்கிற வேலையே இல்லை. பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் இப்படிப்பட்ட சங்கங்களின் பொது வசதிகளுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் வைத்திருக்கிறார்கள். ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி வேண்டும், நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் கிடைக்கும். ஒரே கூரையின் யூனிட்டைப் பல வீட்டு மீட்டரில் கழிக்கும் முறை டெல்லியில் உண்டு. இங்கே அதை எதிர்பார்த்துத் திட்டம் போடும் முன் மின்வாரிய அலுவலகத்தில் எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆரல்வாய்மொழி: முப்பந்தல் காற்றாடி எல்லாம் எங்கள் கண் முன்னால் சுற்றுகிறது. ஊரே சேர்ந்து ஒன்று வாங்க முடியாதா?

கோயம்புத்தூர் மாவட்டத்து ஓடந்துறை ஊராட்சி 2006இல் வாங்கியது. 350 கிலோவாட், ஏறக்குறைய 1.55 கோடி ரூபாய், பெரும்பகுதி வங்கிக் கடன். தேவை போக மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்றார்கள். டென்மார்க்கின் சாம்ஸோ தீவில் 2000இல் 11 காற்றாடிகள் நின்றன. உள்ளூர் விவசாயிகளும் குடும்பங்களும் அவற்றில் பங்கு வாங்கினார்கள். தன் பணம் உள்ளே இருப்பதால்தான் காற்றாடி ஓடாத நாளில் ஏன் ஓடவில்லை என்று கேட்பார்கள். ஆகவே நன்கொடை வசூலிக்காதீர்கள், பங்கு கொடுங்கள். மாடியில் வைக்கிற குட்டிக் காற்றாடி மட்டும் வேண்டாம். கட்டடங்களில் மோதிச் சுழலும் காற்றில் அது சரியாக ஓடாது.

பேச்சிப்பாறைக்கு மேலே ஒரு மலைக்கிராமம்: பொதுவான சோலார், பேட்டரி இருக்கிறது. ஒரு வீட்டில் ஹீட்டர் போட்டால் ஊரே அணைகிறது. சொன்னால் சண்டை.

உங்கள் கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பேனலும் பேட்டரியும் மாட்டியும், எல்லாரும் ஒத்துக்கொண்ட முறை இல்லாததால் நின்றுபோன ஊர்கள் உண்டு. பீகாரின் தர்னாய் கிராமத்தில் 2014இல் 100 கிலோவாட் சோலார் கட்டமைப்பு வந்தது. டிவி, பிரிட்ஜ் மாதிரி அதிகம் இழுக்கும் சாமான்களுக்குத் தடை. அப்புறம் அதைவிட மலிவாக அரசு லைன் வந்ததும் மக்கள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். மக்கள் எதற்கு ஆசைப்படுகிறார்கள் என்று முன்பே உட்கார்ந்து பேசியிருந்தால், எதை அனுமதிப்பது, எந்த நேரத்தில் என்று ஒரு வழி பிறந்திருக்கும்.

ஸ்காட்லாந்தின் எய்க் தீவில் 2008 முதல் வேறு மாதிரி. ஒரு வீடு ஒரே நேரத்தில் 5 கிலோவாட்டுக்கு மேல் இழுக்க முடியாது. பணக்கார வீடு, ஏழை வீடு என்ற பேதமே இல்லை. உற்பத்தி மிஞ்சும்போது ஊர்ப் பொதுக் கட்டடங்களைச் சூடாக்க அதைப் பயன்படுத்துகிறார்கள்.

உங்களுக்கு 5 கிலோவாட் தாங்காது. பேட்டரி அளவைப் பார்த்து வீட்டுக்கு இவ்வளவு வாட் என்று பொதுக்கூட்டத்தில் முடிவெடுத்து, அதற்கேற்ற லிமிட்டர் ஒன்றை ஒவ்வொரு வீட்டு வாசலிலும் மாட்டுங்கள். மீறினால் அந்த வீடு மட்டும் அணையும். யாரும் யாரையும் திட்ட வேண்டியதில்லை. மிக்ஸி, அயர்ன் பாக்ஸ் எல்லாம் வெயில் உச்சியில் இருக்கும்போது, முறை வைத்து. விதியை எழுதும்போது பெண்கள் கட்டாயம் இருக்க வேண்டும். எந்த நேரத்தில் அரைப்பார்கள் என்று தெரியாத ஆண்கள் எழுதிய அட்டவணை ஒரு வாரம்கூடத் தாங்காது.

மார்த்தாண்டம், மகளிர் குழு: அண்ணா, எந்த ஆப், எந்தக் கருவி வாங்கலாம்?

முதல் கருவி ஒரு நோட்டுப் புத்தகம், அம்மா. இரண்டு மாத பில் காலம் முழுக்க, தினமும் ஒரே நேரத்தில் மீட்டர் அளவை எழுதுங்கள். அப்புறம் பிளக்கில் செருகி அளக்கும் சின்ன மீட்டர் ஒன்று, குழுவுக்குப் பொதுவாக. பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுப்பதையும் கரண்டை மிச்சப்படுத்தும் புது வகை பிஎல்டிசி ஃபேன் 30 வாட் இழுப்பதையும் கண்ணால் பார்த்தால் பிரசங்கமே வேண்டாம். வெயில் கணக்குக்கு உலக வங்கியின் குளோபல் சோலார் அட்லஸ் இலவசம். உங்கள் பக்கம் ஜூன், ஜூலை மழையில் உற்பத்தி இறங்கும். வருடச் சராசரியை விட்டுவிட்டு, மிகக் குறைந்த மாதத்தை வைத்துத் திட்டம் போடுங்கள். ரப்பர், தென்னை நிழலையும் பாருங்கள். ஒரு பேனலில் நிழல் விழுந்தாலும் அதோடு வரிசையாக இணைத்த மற்றவையும் குறையும்.

முட்டம்: முதல் கூட்டத்துக்கு நூறு பேர், மூன்றாவதுக்குப் பத்துப் பேர். எப்படிப் பிடித்து வைப்பது?

பெரிய கூட்டத்தைக் குறையுங்கள். அன்பியம் (தேவாலயப் பங்குக் குடும்பங்களின் சிறு குழு), சுய உதவிக்குழு என்று ஏற்கெனவே கூடுகிற இடத்தில் பத்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். அங்கே போன மாத யூனிட், வரவு, செலவு, பழுது நான்கையும் வாசியுங்கள். யார் வீடு அதிகம் என்று பெயர் சொல்ல வேண்டாம். கலிபோர்னியாவின் சான் மார்கோஸ் ஊரில் வீடுகளுக்கு அக்கம்பக்கத்துச் சராசரியைக் காட்டியபோது அதிகம் எரித்தவர்கள் குறைத்தார்கள், குறைவாக எரித்தவர்களோ கூட்டிவிட்டார்கள். பிந்தியவர்களின் தாளில் ஒரு சிரித்த முகம் வரைந்து கொடுத்ததும் அந்தக் கூடுதல் நின்றது. 2007இல் வெளிவந்த ஆய்வு இது. பேனல் துடைத்து, போல்ட் பார்த்து, புகார் எழுதுகிற ஒருவருக்கு மாதச் சம்பளம் கொடுங்கள், சேவையாகச் செய்யச் சொல்லாதீர்கள். பொதுக்குழுவை மேற்குக் கடற்கரையின் தடைக்காலமான ஜூன் 1 முதல் ஜூலை 31க்குள் வையுங்கள். விசைப்படகுக்காரர்கள் அப்போதுதான் கரையில் இருப்பார்கள். கிழக்குக் கடற்கரைக் கணக்கில் வரும் சின்னமுட்டத்துக்காரர்களையும் சேர்க்கிறீர்கள் என்றால் அவர்களுக்குத் தடை ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை. ஜூன் முதல் இரண்டு வாரம்தான் இரு பக்கத்துக்கும் பொருந்தும்.