24 பேர் சொன்னது சான்றாகுமா?

கேள்வி: நீரிழிவு நோயாளிகள் மருந்தை ஏன் இடையில் நிறுத்துகிறார்கள் என்று ஆராயும் குழுவில் நான் மானிடவியல் ஆய்வாளர். வினாத்தாளை நிரப்பிய 400 பேரில் பெரும்பாலோர் தவறாமல் மருந்து உட்கொள்வதாகக் கூறியுள்ளனர். நான் நேர்காணல் செய்த 24 பேரில் பாதிப் பேர், அவ்வப்போது விட்டுவிடுவதாக ஒப்புக்கொண்டனர். "24 பேரின் பேச்சு சான்றாகாது" என்கிறார் எங்கள் புள்ளியியலாளர். இவருடன் எப்படிச் சேர்ந்து எழுதுவது?

பதில்: அவருடைய துறையின் இலக்கணப்படி அவர் சொன்னது சரி என்பதை முதலில் ஏற்றுக்கொள்ளுங்கள். 'மாதிரி' என்றதும் அவர் மனத்தில் எழுவது, சமவாய்ப்பு முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டு, நோயாளிகள் அனைவரையும் பற்றி மதிப்பிட இடம்தரும் ஒரு தொகுதி. நீங்களோ, இனி யாரிடம் பேசினாலும் புதிதாக எதுவும் கிடைக்காது என்ற நிலை வரும்வரை ஆட்களைத் தேடிச் சென்றிருப்பீர்கள். அவர் கேட்பது 'எத்தனை பேர்'. நீங்கள் கேட்பது 'எதனால்'. ஆகவே 'பாதிப் பேர்' என்று நீங்கள் எழுதினால் அவர் மறுப்பது நியாயமே. (உங்கள் கடிதத்திலேயே அந்தச் சறுக்கல் இருக்கிறது.) அதேபோல், வினாத்தாளில் குறித்ததையே நோயாளிகளின் உண்மையான நடத்தையாக அவர் கொண்டால் நீங்கள் மறுக்கலாம், கேட்பவர் விரும்பும் பதிலைச் சொல்லிவிடும் சார்பு புள்ளியியலாளர்களுக்கும் நன்கு தெரிந்ததுதான்.

அமெரிக்காவின் ஐடஹோ பல்கலைக்கழகத்தில் உருவான 'டூல்பாக்ஸ்' என்னும் உரையாடல் முறை உங்களுக்கு உதவக்கூடும். அறிவு, சான்று, விழுமியம் பற்றிய சில கூற்றுகளை ஒவ்வோர் உறுப்பினரும் எவ்வளவு ஏற்கிறார் என்று தனியே மதிப்பெண் இட்டு, பிறகு அனைவரும் கூடிப் பேசுவார்கள். கருத்தொற்றுமை அதன் நோக்கமன்று. உங்கள் குழுவுக்கு நான் ஒரு கேள்வியைச் சேர்ப்பேன்: எந்தத் தரவு கிடைத்தால் உங்கள் முடிவை மாற்றிக்கொள்வீர்கள்? ஒருவேளை, மீந்த மாத்திரைகளை எண்ணலாம் என்பதில் இருவரும் உடன்படக்கூடும். எண்ண வருவது தெரிந்தால் மாத்திரையைக் குப்பையில் போட்டுவிடுபவர்களும் உண்டு என்பதால், முன்னறிவிப்பின்றிச் செல்வதற்கான ஒப்புதலைத் தொடக்கத்திலேயே பெற்றுவிடுவது நல்லது.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். வினாத்தாள் அச்சான பிறகுதான் உங்களைக் குழுவில் சேர்த்தார்களா? ஆம் எனில், இந்தப் பூசலில் பாதி அதிகாரத்தைப் பற்றியது. அதைப் புள்ளியியலாளரிடம் வாதிட்டுப் பயனில்லை, குழுத் தலைவரிடம்தான் பேச வேண்டும். கட்டுரையில் இரு முடிவுகளையும் அடுத்தடுத்து வைத்து, அவை முரண்படும் இடத்தை விளக்கும் பத்தியை மட்டுமாவது நீங்களும் அவரும் ஒரே மேசையில் அமர்ந்து எழுதுங்கள்.