சென்னையில் செகண்ட் ஹேண்ட் கன்வெர்டிபிள் கார் வாங்கலாமா?

2013 மாடல், பட்டனை அழுத்தினால் மடங்கும் துணிக் கூரை, 41,000 கிலோமீட்டர் ஓடியது, 16 லட்சம் சொல்கிறார்கள், சென்னைக்கு இது சரிப்படுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து ராத்திரி தூக்கம் வராமல்தான் கேட்கிறீர்கள். வீட்டில் இன்னும் சொல்லியிருக்க மாட்டீர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன்.

'காசுத் திமிர்' என்று எழுதப்போகிறவர்கள் தாராளமாக எழுதிக்கொள்ளலாம். 2021-ல் நான் வாங்கிய வண்டியின் விலை, எங்கள் தெருவில் வரிசையாக நிற்கும் புது எஸ்யூவிகளைவிடக் குறைவு. அவற்றை யாரும் திமிர் என்று சொல்வதில்லை.

எனக்கு இந்தக் கிறுக்கு அப்பாவிடமிருந்து வந்தது. வண்டலூர் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியில் ஃபிட்டராக இருந்தார். அங்கே செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டு வழி வந்த வண்டி. அடிச்சட்டமாகத் தனி சேஸிஸ், அதன் மேல் போல்ட் போட்டு உட்காரவைத்த பாடி. "கூரையைக் கழற்றி ஓரமா வச்சுட்டு ஓட்டலாம்டா, ஒண்ணும் ஆகாது" என்பார். எங்களிடம் அப்போது இருந்தது ஒரு சைக்கிள். அதற்குக் கூரை பிரச்சினை இல்லை.

இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றில் அந்தக் கதை நடக்காது. பாடிதான் சேஸிஸ். கூரையை அறுத்தால் பள்ளத்தில் இறங்கும்போது வண்டியே முறுக்கிக்கொள்ளும். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி அது குற்றமும்கூட. கம்பெனியே கன்வெர்டிபிளாகச் செய்த வண்டியில் கூரை தராத பலத்தை ஈடுகட்ட அடியில் கூடுதல் இரும்பு கொடுத்திருப்பார்கள். ஆர்சி புத்தகத்தில் இருக்கும் மாடலும் கண்ணெதிரே நிற்கும் வண்டியும் ஒன்றுதானா என்று முதலில் பாருங்கள்.

என் கதைக்கு வருகிறேன். நான் வண்டியைப் பார்த்தது மே மாதம், மதியம் ஒரு மணி. அக்னி நட்சத்திரத்தில் எந்தக் கூரையும் ஒழுகாது, இது எனக்குத் தோன்றவேயில்லை. விற்றவர் பட்டனை அழுத்தினார், கூரை பூ மாதிரி மடங்கிப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டது. அவ்வளவுதான், அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். பேரம்கூடப் பேசவில்லை. அதை மனைவியிடம் இன்றுவரை சொல்லவில்லை.

துணிக் கூரையும் பாடியும் சேரும் இடத்தில் மழைத் தண்ணீர் இறங்கிப் போக மெல்லிய குழாய்கள் இருக்கும். எங்கள் அபார்ட்மென்ட்டில் என் வண்டிக்குக் கிடைத்த இடம் ஒரு புங்க மரத்தடி. வெயில் காலம் தொடங்கும்போது அரிசிப் பொரியைக் கொட்டினாற்போல் பூ விழும். விழுந்த பூ அந்தக் குழாய்க்குள் போய்ச் சாந்து மாதிரி இறுகிக்கொண்டது. ஐப்பசி மழைத் தண்ணீருக்கு வெளியே போக வழியில்லை, உள்ளே இறங்கிவிட்டது. கூரையைத் தூக்கும் ஹைட்ராலிக் பம்ப் என் வண்டியில் பின்பக்கப் பள்ளத்தில்தான் இருக்கிறது. அது நிதானமாக ஊறியது. உள்ளே ஈரச் சாக்கு நாற்றம் வந்தபோது, பையன் ஃபுட்பால் ஷூவை வண்டியில் விட்டுவிட்டான் என்று அவனைத் திட்டினேன்.

ஒரு நாள் சாயங்காலம் கோட்டூர்புரம் பக்கம் தூறல் ஆரம்பித்தது. பட்டனை அழுத்தினேன். கூரை பாதி எழும்பி, சாமிக்குக் கை தூக்கினாற்போல் அந்தரத்தில் நின்றுவிட்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. டீக்கடைக்காரர் ஒருவர் பரிதாபப்பட்டு, கடைக்கு மறைப்பாகக் கட்டியிருந்த பழைய ஃப்ளெக்ஸை அவிழ்த்துக் கொடுத்தார். காதணி விழா ஃப்ளெக்ஸ். மொட்டையடித்த இரண்டு குழந்தைகள், வரிசையாகத் தாய்மாமன்கள். அதைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு சைதாப்பேட்டை வழியாக அசோக் நகர் வரை உருட்டினேன். சிக்னலில் பக்கத்தில் நின்ற பஸ்ஸிலிருந்து கண்டக்டர் எட்டிப் பார்த்து, "சார், வண்டிக்கா காது குத்து?" என்றார். நான் சிரிக்கவில்லை. இப்போது சிரிக்கிறேன்.

ஷோரூமில் பம்ப், சிலிண்டர் எல்லாம் புதிதாகப் போட 1,90,000 ரூபாய் என்றார்கள், அதுவும் சாமான் வெளிநாட்டிலிருந்து வர இரண்டு மாதம். கடைசியில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஹைட்ராலிக் ஜாக்கிகளுக்கு சீல் மாற்றும் ஒருவர் கழற்றிப் பார்த்தார். "இது ஜேசிபியோட குட்டித் தம்பி சார்" என்றார். மோட்டாருக்குக் காயில் கட்டி, சிலிண்டருக்குப் புது சீல் போட்டு 14,000 வாங்கிக்கொண்டார். இன்றுவரை ஓடுகிறது. எல்லா வண்டிக்கும் இப்படி மலிவாக முடியும் என்று நான் சொல்லவில்லை. அதனால் 16 லட்சத்தோடு கணக்கை மூடாமல், கூரைக்கென்று தனியாக ஒரு தொகையை ஒதுக்கி வையுங்கள்.

வண்டியைப் பார்க்கப் போகும்போது ஒரு பக்கெட் தண்ணீர் கேளுங்கள். கூரையின் ஓரத்தில் மெதுவாக ஊற்றிவிட்டு, வண்டிக்கு அடியில் எங்கே சொட்டுகிறது என்று குனிந்து பாருங்கள். எங்கேயும் சொட்டவில்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள், அது உள்ளே தங்குகிறது. கார்ப்பெட்டைத் தூக்கிக் கையால் அழுத்துங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தால் வெள்ளத்தில் நின்ற வண்டியாக இருந்தால் சேற்றுக் கோடு தெரியலாம். 2023 டிசம்பர் மழையில் மூழ்கிய கார்கள் எல்லாம் காயலான் கடைக்கா போயிருக்கும்? கூரையை ஒரு தடவை திறந்து மூடினால் போதாது, மூன்று தடவை செய்யச் சொல்லுங்கள். சூடேறிய பிறகுதான் பம்ப் முனகும். டெல்லிப் பதிவு என்றால் என்ஓசி எனும் தடையில்லாச் சான்று வாங்கும் செலவு, இங்கே கட்ட வேண்டிய ஆயுள் வரி இரண்டையும் விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள். அங்கே 15 வருஷப் பெட்ரோல் வண்டிக்குத் தடை போட்டதால் வயதான வண்டிகள் மலிவாக இந்தப் பக்கம் வந்தன.

இப்போது பார்க்கிங். இதைச் சொல்லாமல் விட என்னால் முடியாது. எங்கள் கட்டடத்தில் கீழ்த்தளத்தில் கூரையோடு எட்டு இடம், வீடு பன்னிரண்டு. முதலில் வாங்கியவர்களுக்கு பில்டர் இடத்தைத் தனியாக விற்றிருக்கிறார். அப்படி விற்கக் கூடாது, அது பொது இடம் என்று மும்பை வழக்கொன்றில் 2010-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதை அச்செடுத்துக்கொண்டு அசோசியேஷன் கூட்டத்துக்குப் போனேன். "அது மகாராஷ்டிரா சட்டம் சார், டிஃபன் சாப்பிடுங்க" என்றார்கள். வண்டியே இல்லாத ஒரு வீட்டுக்காரர் தன் இடத்தில் உடைந்த வாஷிங் மெஷினையும் பழைய கட்டிலையும் போட்டிருக்கிறார். என் வண்டி மரத்தடியில், காக்காய் எச்சத்தோடு. இரண்டு வருஷம் ஆயிற்று, கட்டில் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

சரி, கூரையைத் திறந்து எத்தனை நாள் ஓட்டினேன் என்று கேட்பீர்கள். பகலில் சொற்பம். டைடல் பார்க் சிக்னலில் பஸ் புகை நேராக முகத்துக்கு வரும். தண்ணீர் லாரி பக்கத்தில் பிரேக் போட்டால் தலைக்கு அபிஷேகம். ஈசிஆரில் கடற்காற்று சுகம்தான், ஆனால் உப்பு கூரையின் கீல்களில் உட்காரும், வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். மிச்சம் இருப்பது மார்கழி, தை விடியற்காலைகள்.

ஒரு மார்கழிக் காலை ஐந்தரைக்கு அம்மாவை உட்காரவைத்து பெசன்ட் நகர் அஷ்டலட்சுமி கோயிலுக்குப் போனேன். புடவைத் தலைப்பால் காதை இறுக்கி மூடிக்கொண்டாள். தெருவுக்குத் தெரு கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அடையாறு தாண்டும்வரை அம்மா வாயைத் திறக்கவில்லை. அப்புறம், "இதுக்குத்தானா அந்த மனுஷன் அத்தனை பேசினார்" என்றாள். திரும்பி வரும்போது கூரையை மூடப் போனேன், வேண்டாம் என்றாள்.

அதனால் வாங்காதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் கிலோமீட்டர், விலை, மாடல் எல்லாம் எழுதிய நீங்கள் ஒன்றை எழுதவில்லை. ராத்திரி வண்டியை எங்கே நிறுத்துவீர்கள்? மேலே கான்கிரீட்டா, மரமா?