கடைசி ஆளாக ஓடுவது

அன்புள்ள அக்காவுக்கு,

பாளையங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். வயது 44. பள்ளியில் கணக்கு டீச்சர். போன வருஷம் டாக்டர் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, மாத்திரை இப்போது வேண்டாம், உடம்பை அசையுங்கள் என்றார். நடக்க ஆரம்பித்தேன். வ.உ.சி. மைதானத்துப் பக்கம் காலையில் பத்துப் பேர் போலக் கூடி ஓடுகிறார்கள். மூன்று நான்கு பெண்களும் உண்டு. ஒருவர் எங்கள் தெருக்காரர். "சும்மா வாங்க டீச்சர், காசு பணம் ஒண்ணும் கிடையாது, நாங்களும் மெள்ளதான் ஓடுதோம்" என்று கூப்பிட்டார். இரண்டு ஞாயிறு போனேன். இரண்டு முறையும் ஸ்கூட்டியை விட்டு இறங்கவில்லை. போன் வந்ததுபோல் காதில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

நூறு மீட்டர் ஓடினாலே எனக்கு மூச்சு வாங்கும். அவர்களுக்குப் பாரமாகிவிடுவேனோ என்பதுதான் பெரிய பயம். என்னிடம் படிக்கிற பையன்கள் பார்த்தால் "எங்க டீச்சர் ஓடுதாங்கடோய்" என்பார்கள். முட்டி தேய்ந்துவிடும் என்கிறார் அம்மா. "டிரெட்மில் வாங்கித் தாரேன், வீட்டுக்குள்ளயே ஓடு" என்கிறார் வீட்டுக்காரர். நீங்கள் ஓடுவதாக எங்கோ எழுதியிருந்தீர்கள். உங்களிடம் கேட்டால் சிரிக்கமாட்டீர்கள் என்று தோன்றியது.

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள டீச்சர்,

சிரித்துவிட்டேன். போனைக் காதில் வைத்த இடத்தில். நான் செய்தது அதைவிட மோசம் என்பதால் வந்த சிரிப்பு அது.

எனக்கு அப்போது 47. மதுரையில் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி விடியற்காலையில் ஒரு கூட்டம் ஓடும். திருமலை நாயக்கர் 1645-இல் வெட்டிய குளம். 1000 அடிக்கு 950 அடி. கரையோடு ஒரு சுற்று வந்தால் 1.2 கிலோமீட்டர் கிட்ட வரும். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பாதி வருஷம் தண்ணீரே இருக்காது, பையன்கள் உள்ளே இறங்கி கிரிக்கெட் ஆடுவார்கள். இப்போது வைகைத் தண்ணீர் கால்வாய் வழியாக வந்து நிறைகிறது. விடியலில் நடு மண்டபம் தண்ணீரில் தலைகீழாகத் தெரியும்.

அந்தக் கூட்டத்தோடு சேர ஆசை. கேட்கக் கூச்சம். அதனால் அவர்கள் ஓடுகிற திசைக்கு எதிர்த்திசையில் நடக்க ஆரம்பித்தேன். கணக்கு டீச்சருக்குச் சொல்ல வேண்டாம், எதிரெதிரே போனால் ஒரு சுற்றுக்குள் இரண்டு மூன்று தடவையாவது முகம் பார்க்கலாம். ஒவ்வொரு தடவையும் தண்ணீரை ரசிப்பதுபோல் தலையைத் திருப்பிக்கொள்வேன். மூன்றாம் நாள், கூட்டத்துக்குப் பின்னால் தனியாக வந்துகொண்டிருந்த ஒரு பெரியவர் என் முன்னால் நின்றார். "என்னம்மா, மூணு நாளா எதிர்த்த வண்டியிலயே வர்றீங்க? இந்த வண்டியில ஏறுங்க" என்றார்.

ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். அவரைப் பற்றித்தான் உங்களுக்கு எழுதவேண்டும். ஷூவும் முட்டியும் அப்புறம்.

அவரால் இன்னும் வேகமாக ஓட முடியும். முன்வரிசையில் போகிற காலேஜ் பையன்களோடு ஒட்டி ஓடி ஒருநாள் காட்டவும் செய்தார். ஆனால் தினமும் கடைசியில்தான் வருவார். யார் நடக்க ஆரம்பிக்கிறார்களோ அவர் பக்கத்தில் இவரும் நடப்பார். "முப்பது வருஷம் பின்படிக்கட்டுல நின்னே பழகிப்போச்சு. கடைசி ஆள் ஏறாம விசில் கொடுக்க மனசு வராது" என்பார். முதல் வாரம் முழுக்க நான் அவரிடம் "சாரிண்ணே, என்னால உங்களுக்கும் லேட்டு" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, "இன்னொரு வாட்டி சாரின்னா லக்கேஜ் டிக்கெட் போட்டுருவேன்" என்றார். அதோடு நிறுத்தினேன்.

பாரமாகிவிடுவேனோ என்று கேட்கிறீர்கள். உங்களைப் போல ஒருத்தர் பின்னால் வந்தால்தான் அது கூட்டம். பத்துப் பேரும் ஒரே வேகத்தில் ஓடினால் அதற்குப் பெயர் பயிற்சி. அப்படி ஒன்றிலும் நான் போய் மாட்டியிருக்கிறேன். தெப்பக்குளத்துக்கு ஒரு வருஷம் முன்னால், ஊரில் இன்னொரு குழு. பெயர் வேண்டாம். பணம் கட்டி, பனியன் வாங்கி, கையில் ஸ்டாப்வாட்சோடு ஒருவர் நின்று எல்லாம் முறையாக நடந்தது. இரண்டாம் நாள் விளக்கில்லாத ஒரு திருப்பத்தில் அவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். நானும் மூன்று நாய்களும் மட்டும். எந்தப் பக்கம் திரும்பினார்கள் என்றே தெரியவில்லை. ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன். நான் வரவில்லை என்பது அவர்களில் யாருக்கும் மத்தியானம் வரை தெரியாது. அப்புறம் ஒரு வருஷம் ஷூவைத் தொடவில்லை.

ஆகவே நீங்கள் முதல் நாள் பார்க்கவேண்டியது இதுதான். திருப்பம் வரும்போது யாராவது பின்னால் திரும்பிப் பார்க்கிறார்களா? பார்த்தால் அங்கேயே இருங்கள். இல்லையென்றால் மறுநாள் போகாதீர்கள். உங்கள் தெருக்காரர் "மெள்ளதான் ஓடுதோம்" என்று அவராகவே சொன்னதைப் பார்த்தால் பார்ப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

வெளிநாட்டில் இதை ஒரு பதவியாகவே வைத்திருக்கிறார்கள். பார்க்ரன் என்று ஒன்று. 2004 அக்டோபர் 2 அன்று லண்டன் புஷி பூங்காவில் 13 பேர் ஓடித் தொடங்கியது. சனிக்கிழமை காலை, 5 கிலோமீட்டர், கட்டணம் கிடையாது. சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா உட்படப் பல நாடுகளில் நடக்கிறது. அதில் டெயில் வாக்கர் என்று ஒரு தொண்டர் உண்டு. எல்லோருக்கும் கடைசியில் வந்து சேர்வதுதான் அவர் வேலை. வேறு யாரும் கடைசி ஆளாக ஆகவே முடியாது. எங்கள் கண்டக்டர் அண்ணனிடம் இதைச் சொன்னபோது, "சம்பளம் உண்டா?" என்று மட்டும் கேட்டார்.

இன்னொரு கதையும் அவரிடம் சொன்னேன். 1967 பாஸ்டன் மாரத்தானில் கேத்ரின் சுவிட்சர் என்ற இருபது வயதுப் பெண் ஓட, ஒரு போட்டி அதிகாரி ஓடிவந்து அவர் சட்டையிலிருந்த எண்ணைப் பிய்க்கப் பார்த்த படம் உலகம் முழுக்கத் தெரியும். அந்தப் பெண்ணோடு ஒரு குளிர்காலம் முழுக்கப் பனியில் ஓடிப் பழக்கியவர் ஆர்னி பிரிக்ஸ். அவருக்கு வயது 50. அந்தப் பெண் படித்த சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் தபால் பட்டுவாடா செய்தவர். பாஸ்டனில் 15 தடவை ஓடியவர். பெண்ணால் அவ்வளவு தூரம் முடியாது என்று முதலில் அவரும்தான் சொன்னார். பயிற்சியில் ஓடிக் காட்டினால் நானே கூட்டிப்போகிறேன் என்றார், ஓடிக் காட்டியதும் சொன்னபடி கூட்டிப்போனார். அதிகாரி பாய்ந்தபோதும் அவர் பக்கத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தார். தபால்காரர் இல்லாமல் அந்தப் படம் கிடையாது. கண்டக்டர் அண்ணன், "நம்ம அரசு ஊழியருதான்" என்றார். நான் திருத்தவில்லை.

இனி மற்றவை.

மூச்சு. எல்லோரும் முதல் நாள் செய்கிற தப்பு, ஓட்டம் என்றால் பள்ளி விளையாட்டு விழா ஓட்டம் என்று நினைப்பது. பக்கத்தில் வருகிறவரிடம் நாத்தனார் கதையை முழு வாக்கியமாகச் சொல்ல முடிகிற வேகம்தான் உங்கள் வேகம். வாக்கியம் அறுந்தால் வேகம் அதிகம், நடங்கள். ஒரு நிமிஷம் மெது ஓட்டம், ஒன்றரை நிமிஷம் நடை, இப்படி இருபது நிமிஷம். 9 வாரத்தில் 5 கிலோமீட்டருக்குக் கொண்டுபோகிற பிரபலமான திட்டம் ஒன்றின் முதல் வாரமே இவ்வளவுதான். வாரத்தில் மூன்று நாள் போதும். நடுவில் நடப்பது கேவலம் என்று யாராவது சொன்னால், 1972 ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக ஓடிய ஜெஃப் காலவே என்பவர் ஓடி நடந்து ஓடுவதையே ஒரு முறையாக வைத்து ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார் என்று சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. நான்கைந்து வாரத்தில் மூச்சு பழகிவிடும். எலும்பும் தசைநாணும் அவ்வளவு சீக்கிரம் பழகாது, அவற்றுக்கு மாதக்கணக்கு வேண்டும். மூச்சு வாங்காத சந்தோஷத்தில் தூரத்தைக் கூட்டுவோம், கால் மாட்டிக்கொள்ளும். நான் ஆறாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு காலேஜ் பையன் "ஆன்ட்டி சூப்பர்" என்றதற்காக 8 கிலோமீட்டர் ஓடினேன். மறுநாள் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் விரல் வைக்க முடியவில்லை. ஐந்து வாரம் வீட்டில். அந்த ஐந்து வாரமும் கண்டக்டர் அண்ணன் வாட்ஸ்அப்பில் எனக்கு மட்டும் அனுப்பிய செய்தி ஒன்றுதான்: "உங்க சீட் காலி".

முட்டி விஷயத்தில் அம்மாவுக்கு ஒரு பதில் இருக்கிறது. 2017-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு கட்டுரையில், பொழுதுபோக்காக ஓடுகிறவர்களில் 3.5 சதவீதம் பேருக்கு முட்டி அல்லது இடுப்பு மூட்டுத் தேய்மானம். ஓடாமல் உட்கார்ந்திருந்தவர்களில் 10.2 சதவீதம். போட்டிக்கென்று கடுமையாக ஓடியவர்களிடம்தான் 13.3. முட்டி நன்றாக இருப்பவர்கள்தான் ஓடவே வருகிறார்கள் என்றும் இதைப் படிக்கலாம், கணக்கு டீச்சர் அதைக் கண்டுபிடித்துவிடுவீர்கள். இருந்தாலும் நம்மைப் போல மெள்ள ஓடுகிறவர்கள் அந்த மூன்றில் எந்த வரிசை என்பது தெளிவு. ஏற்கனவே வலி இருந்தால் மட்டும் டாக்டரிடம் காட்டிவிட்டு வாருங்கள். காட்டுகிறபோது பிரஷரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உடை பற்றி நீங்கள் கேட்கவில்லை. கேட்கக் கூச்சப்பட்டிருப்பீர்கள். சுடிதார் போதும். துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில் முடிந்துகொண்டு எங்களோடு இரண்டு வருஷம் ஓடிய அம்மா ஒருவர் இருக்கிறார். ஆனால் நல்ல ஷூவும் நல்ல ஸ்போர்ட்ஸ் ப்ராவும் அவசியம். காசு செலவழிக்க வேண்டிய இடம் இவை இரண்டும்தான், கைக்கடிகாரத்துக்குச் செலவழிக்காதீர்கள். தாலிச் செயின்? எங்களில் சிலர் வீட்டில் கழற்றி வைத்துவிட்டு மஞ்சள் கயிற்றோடு வருகிறோம். இருட்டில் தனியாக வண்டியில் வருகிற நேரம்தான் பயம், கூட்டத்தில் சேர்ந்தபிறகு இல்லை. நாய் வந்தால் ஓட்டத்தை நிறுத்தி நடங்கள். ஓடினால்தான் துரத்தும்.

பையன்கள் பார்ப்பார்கள்தான். நீங்கள் எத்தனை பையன்களை வீட்டுப்பாடம் எழுதாததற்கு மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டிருப்பீர்கள்? அவர்களும் ஒருநாள் பார்த்துவிட்டுப் போகட்டும்.

டிரெட்மில்லைக் குறை சொல்லமாட்டேன். என் தங்கை வீட்டிலும் இருக்கிறது, மழைக்காலத்தில் அதில்தான் துணி காய்கிறது. வீட்டுக்காரர் நல்லெண்ணத்தில் சொல்கிறார். ஒரு ஞாயிறு அவரையும் கூட்டிப்போங்கள், ஓட வேண்டாம், டீக்கு மட்டும்.

டீயைச் சொல்லாமல் விட்டுவிட்டேனே. ஓடி முடித்துப் போகிற டீக்கடையில் முதல் நாள் நான் வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டேன். அந்த நேரத்துக் கடையில் முழுக்க ஆண்கள். இத்தனை வருஷம் மதுரையில் இருந்தும் ரோட்டோரக் கடையில் நின்று கிளாஸைக் கையில் பிடித்து டீ குடித்தது கிடையாது. மாஸ்டர் கண்ணாடிக் கிளாஸ்களை வரிசையாக அடுக்கிக்கொண்டே, தலையைத் தூக்காமல், "மரத்தடி அக்காவுக்குச் சீனி போடவா வேணாமா?" என்று சத்தமாகக் கேட்டார். கடை முழுக்கத் திரும்பியது. வேண்டாம் என்றேன். கிளாஸ் கைக்குக் கை மாறி மரத்தடிக்கு வந்தது. மறுநாளிலிருந்து மாஸ்டர் கேட்பதில்லை. தைப்பூசத்துத் தெப்பத் திருவிழா நேரத்தில் கரை முழுக்கக் கூட்டமாக இருக்கும், ஓட முடியாது. அப்போதும் டீக்கு மட்டும் போய்விடுவோம்.

உங்களுக்கு நாளை மறுநாள் ஞாயிறு. பத்து நிமிஷம் முன்னாலேயே போய்விடுங்கள், கூட்டம் கூடியபிறகு போவதைவிட ஒருத்தர் இருவர் நிற்கும்போது போவது எளிது. வண்டியை நிறுத்தியதும் சீட்டைத் தூக்கி, போனை உள்ளே போட்டுப் பூட்டிவிடுங்கள். டீக்கு இருபது ரூபாய் சில்லறையாக எடுத்துக்கொள்ளுங்கள், கையில் போன் இருக்காதே.

அன்புடன்,
அக்கா