வெறும் கிருமிதானா?

அன்புள்ள அக்கா,
செவ்வாய்க் கிரகத்தில் தண்ணீர் ஓடியது, உயிரின் தடயம்கூட இருக்கலாம் என்று செய்தி வந்ததும், என் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் ஏலியன் எப்போது வரும் என்று துளைத்தெடுக்கிறார்கள். படித்துப் பார்த்தால் வெறும் கிருமிதானாம். இதற்கா இத்தனை கோடி? எங்கள் தெருவில் குழாயில் தண்ணீரே வருவதில்லை.
ஒரு வாசகி, லெனேசியா, தென்னாப்பிரிக்கா

அன்புள்ள தங்கைக்கு,

சனிக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டுத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறீர்களே, அதற்கே உங்களைக் கும்பிட வேண்டும். குழாய்த் தண்ணீருக்குக் கவுன்சிலரைப் பிடியுங்கள், செவ்வாய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் 'வெறும் கிருமி' என்று எழுதினீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது.

கார்ல்டன்வில் உங்களுக்குப் பக்கம்தானே? அங்கே ம்போனெங் தங்கச் சுரங்கத்தில், 2.8 கிலோமீட்டர் ஆழத்தில், பாறை வெடிப்பில் கசிந்த வெந்நீரில் ஒரு பாக்டீரியா கிடைத்தது. 2008இல் அதன் மரபணுத் தொகுதியை வெளியிட்டார்கள். அதற்குச் சூரியன் வேண்டாம், ஆக்சிஜன் வேண்டாம், துணைக்கு இன்னொரு உயிரும் வேண்டாம். பாறையிலுள்ள யுரேனியத்தின் கதிர்வீச்சு தண்ணீரைப் பிளக்க, அதில் வரும் ஹைட்ரஜனையும் சல்பேட் என்ற கந்தக உப்பையும் வைத்தே காலம் தள்ளுகிறது. இதைப் போய் வெறும் என்பதா?

என் தாத்தா டண்டி பக்கம் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். "பாறைக்கு வேர்க்குது பிள்ளே" என்பார். ஒருமுறை அந்தத் தண்ணீரைத் தூக்குவாளியில் பிடித்து வந்தார். மூடியைத் திறந்ததும் அழுகின முட்டை நாற்றம், ஆயா வாசலிலேயே கொட்டச் சொல்லிவிட்டாள். சல்பேட்டில் பிழைக்கிற நுண்ணுயிர்கள் விடும் வாயுவுக்கும் அதே நாற்றம்தான் என்று பின்னால் படித்தபோது, இதைச் சொல்லத் தாத்தா இல்லையே என்று அழுதுவிட்டேன்.

சரி, செவ்வாய். ஜெசெரோ பள்ளத்தில் சுமார் 350 கோடி ஆண்டுகளுக்கு முன் ஏரி இருந்தது, ஆறு வந்து விழுந்த டெல்டா இன்னும் தெரிகிறது. அந்த ஆற்றின் பழைய பள்ளத்தாக்கில் 2024 ஜூலையில் நாசாவின் பெர்சிவரன்ஸ் ஆய்வு வண்டி துளையிட்ட சேற்றுப்பாறையில் சிறுத்தைப் புள்ளி மாதிரி வட்டங்கள். அவற்றில் இரும்பு பாஸ்பேட்டும் இரும்பு சல்பைடும். பூமியில் இவை சேர்ந்து வருவது பல சமயம் நுண்ணுயிர்களின் வேலை. உயிர் இல்லாமலும் வரலாம், அதனால்தான் 2025 செப்டம்பரிலும் விஞ்ஞானிகள் 'இருக்கலாம்' என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். அந்தப் பாறைத் துண்டு பூமிக்கு வந்தால்தான் தீரும். கொண்டுவரும் திட்டமோ செலவைக் காட்டி இழுபறியில் கிடந்து, 2026 தொடக்கத்தில் நிதியும் நின்றுபோனது. எனக்கு அதுதான் வயிற்றெரிச்சல், நீங்களானால் கோடிக்கணக்குப் பார்க்கிறீர்கள்!

பிள்ளைகளை லீவில் பார்பர்ட்டன் கூட்டிப் போங்கள். மக்கோன்ஜ்வா மலைப் பாதையில் காரை நிறுத்திப் பார்க்க இடங்கள் வைத்திருக்கிறார்கள். அந்த மலையில் 320 கோடி ஆண்டுப் பாறைகளில் நுண்ணுயிர்ப் படலங்களின் தடம் இருக்கிறது. தேதி குறித்ததும் எழுதுங்கள், டர்பனிலிருந்து நானும் வருகிறேன்.