பேக் நைனில் மட்டும் ஸ்கோர் எகிறுகிறது, டிரைவரை மாற்றலாமா?

கேள்வி: நான் ஆடும் கோல்ஃப் மைதானத்தில் முதல் ஒன்பது குழிகள் அகலமான வெட்டவெளி. அடுத்த ஒன்பது மரங்களுக்கு நடுவே ஒடுங்கி, மேடும் பள்ளமுமாகப் போகிறது. முன்னதில் 44 ஸ்ட்ரோக் (அடி) எடுக்கிறேன், பின்னதில் 52. ஹேண்டிகேப் இண்டெக்ஸ் (ஆட்டத்திறனைக் காட்டும் எண், குறையக் குறைய நல்லது) 18. ஸ்விங் (கிளப்பை வீசும் விதம்) கெட்டுவிட்டது, புது டிரைவர் (நீண்ட தூரம் அடிக்கும் கிளப், அதாவது மட்டை) வாங்கினால் சரியாகிவிடும் என்கிறார் பயிற்சியாளர். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். அந்த 8 ஸ்ட்ரோக்கில் உங்கள் பங்கு எவ்வளவு, மைதானத்தின் பங்கு எவ்வளவு என்று முதலில் பிரித்துப் பார்ப்போம்.

ஒவ்வொரு ஒன்பதுக்கும் தனியாகக் கோர்ஸ் ரேட்டிங்கும் (கைதேர்ந்தவர் எடுக்கக்கூடிய ஸ்கோர்) ஸ்லோப் ரேட்டிங்கும் (அவரைவிடச் சாதாரண ஆட்டக்காரருக்கு எவ்வளவு கூடுதல் கடினம் என்ற எண்) உண்டு. இரண்டிலும் பார் (குழிகளை முடிக்க வகுத்திருக்கும் ஸ்ட்ரோக் எண்ணிக்கை) 36 என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னதற்கு ரேட்டிங் 34.2, ஸ்லோப் 112, பின்னதற்கு 36.4, 138. ஒன்பது குழிக்கு உங்கள் இண்டெக்ஸில் பாதி, அதாவது 9. அதை ஸ்லோப்பால் பெருக்கி அளவுகோல் ஸ்லோப்பான 113-ஆல் வகுத்து, ரேட்டிங்கில் பார் போக வருவதைச் சேர்த்தால், பாருக்கு மேல் உங்களுக்கான சலுகை ஸ்ட்ரோக் முன்னதில் 7, பின்னதில் 11. ஆக, நீங்கள் ஒரே மாதிரி ஆடினாலும் 4 ஸ்ட்ரோக் கூடத்தான் செய்யும். உங்கள் மைதானத்தின் எண்களைப் போட்டு இதையே செய்து பாருங்கள். ஆனால் பல இடங்களில் ஸ்கோர் கார்டில் 18 குழிக்கும் சேர்த்து ஒரே எண்ணைத்தான் அச்சடிக்கிறார்கள், அலுவலகத்தில் போய்க் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. இவ்வளவு மெனக்கெட்டு அளந்து ரேட்டிங் போட்டுவிட்டு, அதை ஆடுகிறவர் கண்ணில் படாமல் வைப்பது என்ன நியாயமோ!

டிரைவர் விஷயத்துக்கு வருகிறேன். கிளப் விற்றால் கமிஷன் வாங்கும் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள், ஜாக்கிரதை. ரேஞ்சுக்கு (பயிற்சித் திடலுக்கு) அழைத்துப் போவார், திரையில் பத்து மீட்டர் கூடுதலாகக் காட்டுவார், நீங்களும் மயங்கிவிடுவீர்கள். ரேஞ்சில் மரம் ஏது? ஒடுங்கிய ஃபேர்வேயில் (குழியை நோக்கிப் போகும் வெட்டிய புல்வெளியில்) கோணலாகப் போகும் பந்து பத்து மீட்டர் கூடப் போனால் இன்னும் உள்ளே போய் விழும், அவ்வளவுதான். எந்தக் குழியில், எந்த அடியில் ஸ்ட்ரோக் போகிறது என்று உங்கள் கார்டைப் பார்த்துக் கேட்காமலே கிளப்பை மாற்றச் சொல்கிறவர் வியாபாரி. இன்னொரு கூட்டம், சுலபமான ஒன்பதின் ஸ்கோரை மட்டும் பதிந்து இண்டெக்ஸைக் குறைக்கலாம் என்று சொல்லித்தரும். கணக்கிலேயே ரேட்டிங் இருப்பதால் அதில் லாபமும் இல்லை, பொறுக்கிப் பதிவது விதிக்கும் விரோதம்.

மீதி 4 ஸ்ட்ரோக்? பெரும்பாலும் மரத்தடியில்தான் போகிறது. இரண்டு மரங்களுக்கு நடுவே கதவு அகலத்துக்கு ஒரு சந்து தெரியும், அதற்குப் பின்னால் கிரீன் (குழி இருக்கும் புல்தரை) தெரியும், உடனே கை துறுதுறுக்கும். அடித்தால் பந்து மரத்தில் பட்டு இன்னும் மோசமான இடத்தில் கிடக்கும். பக்கவாட்டில் வெளியே தட்டிவிடுங்கள், ஒரே ஒரு ஸ்ட்ரோக்கோடு போகும். மிகக் குறுகலான குழிகளில் டீயிலிருந்து (முதல் அடி அடிக்கும் இடத்திலிருந்து) டிரைவருக்குப் பதில் ஹைபிரிட் (தூரம் குறைந்த, கட்டுப்படுத்த எளிதான கிளப்) எடுங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு, இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். உங்கள் டிரைவர் அடி வெட்டவெளியிலும் இதே அளவு வலதுபக்கம் விலகிக்கொண்டிருக்கலாம். அங்கே பக்கத்து ஃபேர்வேயில் விழுந்தாலும் திரும்ப அடித்துவிடலாம் என்பதால் நமக்கு உறைப்பதில்லை. அடுத்த சில ஆட்டங்களில், இரண்டு ஒன்பதிலும் டிரைவர் எடுக்கும் ஒவ்வொரு டீயிலும் எங்கே குறிவைத்தீர்கள், எந்தப் பக்கம் ஏறக்குறைய எத்தனை மீட்டர் விலகியது என்று கார்டின் ஓரத்தில் எழுதுங்கள். இரண்டு ஒன்பதிலும் ஒரே பக்கம், ஒரே அளவு விலகினால் கோளாறு அடியில்தான், அப்போது பயிற்சி வேண்டும். அப்போதும் புது டிரைவர் வேண்டாம், கிளப் விற்காத ஒரு பயிற்சியாளரிடம் அந்தக் கார்டுகளை எடுத்துக்கொண்டு போங்கள்.