கெயினைக் குறைங்க, தம்பி!

கேள்வி: அண்ணே, நாங்கள் நாலு பேர் சேர்ந்து மெட்டல் பேண்ட் நடத்துகிறோம். நெல் மண்டி மாடியில்தான் ரிகர்சல். அங்கே கிட்டார் அதிர அதிரக் கேட்கிறது. ஆம்ப் முன்னால் ஷூர் எஸ்.எம். 57 மைக் வைத்து ரெக்கார்ட் செய்தால் தகர டப்பாவுக்குள் வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது. டிஸ்டார்ஷனைக் கூட்டக் கூட்ட இன்னும் மோசம். ஒரே டிராக்கைக் காப்பி செய்து இடதும் வலதுமாக வைத்தும் பார்த்துவிட்டோம்.
– வாசகர், குத்தாலம்

பதில்: கூட்டினால் மோசமாகிறது என்று நீங்களே எழுதிவிட்டு, அப்புறம் ஏன் கூட்டுகிறீர்கள்? டிஸ்டார்ஷன் ஒலி அலையின் உச்சியை வெட்டித் தட்டையாக்குகிறது. வெட்ட வெட்ட, மெதுவாக அடித்ததும் ஓங்கி அடித்ததும் ஒரே அளவாகி, பிக் கம்பியில் விழும் அந்த 'டக்' காணாமல் போகும். மண்டி மாடியில் 12 அங்குல ஸ்பீக்கர் தள்ளும் காற்று நெஞ்சில் இடிப்பதால் இது தெரியாது. ஹெட்போனில் அந்தக் காற்று ஏது? 'போதாதோ' என்று கை அரிக்கும் இடத்தில் கெயினை, அதாவது டிஸ்டார்ஷனைக் கூட்டும் திருகை, நிறுத்துங்கள்.

காப்பி செய்த டிராக் இரண்டு பக்கமும் ஒன்றேயாக இருப்பதால் நடுவில் வந்து உட்காரும். சத்தம் கூடுமே தவிர அகலம் வராது. இரண்டு தடவை வாசித்துத்தான் ஆக வேண்டும். நரசிங்கம்பேட்டை உங்களுக்குப் பக்கம்தானே? அங்கே கடைகிற நாயனம் இரண்டு சேர்ந்து ஒரே கீர்த்தனையை வாசிப்பதைக் கவனித்துக் கேளுங்கள். இம்மி முன்பின், இம்மி சுருதி விலகல்: அந்த நிறைவு அதில்தான் வருகிறது. (நாயனம் கடைகிறவர்கள் பழைய வீட்டிலிருந்து கழற்றிய ஆச்சா மரம்தான் வேண்டும் என்பார்கள். உங்கள் கிட்டாரின் மரத்தைப் பற்றி யாராவது கதை விட்டால் மட்டும் நம்பாதீர்கள். முதலில் கம்பியை மாற்றுங்கள். நம்மூர் ஈரக்காற்றில் அது சீக்கிரமே துருப்பிடிக்கும்.) ஒவ்வொரு முறை பதிவு செய்வதற்கு முன்பும் சுருதி பாருங்கள். கை சுத்தமாக இருந்தால் இரண்டு டிராக் போதும்; பிசகினால் நாலு வைத்தாலும் சேறுதான்.

எஸ்.எம். 57 1965-ல் வந்த மைக். இன்றும் இந்த வேலைக்கு முதலில் அதைத்தான் எடுப்பேன். ஸ்பீக்கரின் நட்டநடுவுக்கு நேராக வைத்தால் கீச்சிடும். நடுமூடியின் விளிம்பில் தொடங்கி, விரற்கடை விரற்கடையாக வெளியே நகர்த்துங்கள். ஈக்யூவை (மேல் சத்தம், கீழ்ச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) திருகிக்கொண்டு கிடப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

மிக்ஸில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். சாதாரண ட்யூனிங்கில் தடித்த கம்பியே ஏறக்குறைய 82 ஹெர்ட்ஸ்தான். அதற்குக் கீழே பேஸ் கிட்டாரும் கிக் டிரம்மும் இருக்கட்டும். மேலே 10 கிலோஹெர்ட்ஸைத் தாண்டியதும் பெரும்பாலும் வண்டுச் சத்தமே. உள்ளங்கையின் ஓரத்தைக் கம்பியில் அழுத்தி வாசிக்கும்போது (பாம் மியூட்) 150–250 ஹெர்ட்ஸ் பொங்கினால் அந்த இடத்தை மட்டும் மல்டிபேண்ட் கம்ப்ரஸரால் (குறிப்பிட்ட ஹெர்ட்ஸ் பகுதி பொங்கும்போது மட்டும் அடக்கும் கருவி) அமுக்குங்கள். தனியாகக் கேட்டால் கிட்டார் சோனியாகத் தெரியும், பயந்து சோலோ பட்டனைத் தொடாதீர்கள். கனமான கிட்டார் என்று நாம் கேட்பதில் பாதி பேஸ்காரர் வாசித்தது. அவருக்கும் டீ வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி: ரெக்கார்டிங்கில் 'உம்ம்' என்று ஒரே இரைச்சல். பிளக்கின் எர்த் பின்னை எடுத்துவிட்டால் போய்விடும் என்கிறார்களே?
– வாசகி, திருவையாறு

பதில்: எடுக்கவே எடுக்காதீர்கள் அம்மா, உயிருக்கு ஆபத்து. அந்த இரைச்சல் 50 ஹெர்ட்ஸ் கரண்ட்டின் சத்தம். கிட்டாரோடு திரும்பி நின்று பாருங்கள். கூடிக் குறைந்தால், கம்பியின் அதிர்வை வாங்கும் பிக்கப் அதைப் பிடிக்கிறது. ஒற்றைச் சுருள் பிக்கப் (சிங்கிள் காயில்) இருந்தால், இரைச்சலை அடக்கும் இரட்டைச் சுருள் பிக்கப் (ஹம்பக்கர்) மாற்றலாம். கிட்டார் கம்பியைத் தொட்டதும் அடங்கினால், கிட்டாருக்குள்ளே ஷீல்டிங் (இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை) சரியில்லை. இரண்டும் இல்லையென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வீட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஆம்ப் போட்டால் பக்கத்து வீட்டில் சண்டைக்கு வருகிறார்கள். என்ன செய்ய?
– வாசகர், மன்னார்குடி

பதில்: கிட்டாரை நேரே இன்டர்ஃபேஸில் (சத்தத்தைக் கணினிக்கு அனுப்பும் பெட்டி) சொருகி, சுத்தமான சத்தத்தைப் பதிவு செய்யுங்கள். ஆம்ப் மாதிரி ஒலிக்கும் ஆம்ப் சிமுலேட்டரும், ஸ்பீக்கர் பெட்டியின் ஒலிப்பதிவான கேபினெட் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸும் கணினிக்குள்ளேயே போட்டுக்கொள்ளலாம். பிறகு நல்ல ஆம்ப் கிடைத்தால் அதே டிராக்கை அதன் வழியே அனுப்பித் திரும்பப் பதியலாம். இன்டர்ஃபேஸில் 'இன்ஸ்ட்ருமென்ட்' பட்டனை அழுத்த மறக்காதீர்கள். மறந்தால் சத்தம் மழுங்கிப்போகும்.