சந்தியில் தொங்கிய படம்

மதிப்புக்குரிய சேர்,

நான் கட்டாரில் வேலை செய்கிறேன். ஊர் மட்டக்களப்பில் படுவான்கரை. தங்கச்சி வெளி மாவட்டம் ஒன்றில் மெடிசின் படிக்கிறாள், மூன்றாம் வருடம். எங்கள் ஊரில் இருந்து மெடிசினுக்குப் போன முதல் பிள்ளை. போன பரீட்சையில் ஒரு பாடம் பெயில், ரிப்பீட் எழுத வேண்டும். அதற்குப் பிறகு போன் எடுத்தால் சரியாகக் கதைப்பதில்லை. லீவுக்கு வந்தபோது பகல் முழுக்கப் படுத்தே கிடந்தாளாம், சாப்பாடும் இல்லை. கண்ணூறு என்று அம்மா நூல் கட்டினா. போன கிழமை என்னிடம், "நான் இல்லாட்டி உங்களுக்குக் கரைச்சல் இல்லத்தானே அண்ணா" என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒன்பது வருடமாக நான் வெயிலுக்குள் நிற்கிறேன், மேசைக்கு முன்னால் இருந்து படிக்க உனக்கு ஏலாதா என்று ஏசிவிட்டேன். இப்போது பயமாக இருக்கிறது. மனநல டொக்டரிடம் காட்டினால் பிறகு அவள் டொக்டராக வர ஏலாமல் போகுமா? படிப்பை விடச் சொல்லலாமா? நீங்கள் எத்தனையோ பிள்ளைகளை மெடிசினுக்கு அனுப்பியவர் என்றபடியால் கேட்கிறேன்.

ச.

அன்புள்ள தம்பி,

"நான் இல்லாட்டி" என்ற அந்த வரிக்குத்தான் முதலில் பதில். மற்றதெல்லாம் பிறகு.

இன்று இரவே அவளுக்கு எடுங்கள். ஏசியதற்கு மன்னிப்புக் கேளுங்கள். அப்புறம் சுற்றி வளைக்காமல், "சாகணும் எண்டு யோசிக்கிறியா?" என்று கேளுங்கள். அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோம் என்று பலர் பயப்படுகிறார்கள். அது பிழை. ஒருவர் வாய் திறந்து கேட்டுவிட்டாரே என்ற ஆறுதல்தான் வரும். அவள் ஓம் என்றாலோ, பதில் சொல்லாமல் அழுதாலோ, தனியே விடக் கூடாது. அறையில் இருக்கும் சிநேகிதி ஒருத்தியைப் பக்கத்தில் இருக்கச் சொல்லிவிட்டு, அம்மாவை அன்றைக்கே பஸ் ஏற்றுங்கள். 1926 என்பது இலங்கையின் தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி இலக்கம், இரவு பகல் எந்த நேரமும் எடுக்கலாம். அதை அவளுக்கும் அனுப்பிவையுங்கள். பொலிஸ், வழக்கு என்று யாராவது வெருட்டினால் காதில் போட வேண்டாம். தற்கொலைக்கு முயல்வது குற்றம் என்ற சட்டத்தை இந்த நாடு 1998இலேயே நீக்கிவிட்டது.

சரி, இனி உங்கள் கேள்விகள்.

மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பது பிரஷருக்கு மருந்து எடுப்பது மாதிரித்தான். அதற்காக யாரும் டொக்டராக வராமல் போவதில்லை. உங்கள் பயம் எனக்கு விளங்குகிறது. ஆனால் அதே பயம் உங்கள் தங்கச்சிக்கும் இருக்கும், உங்களைவிடக் கூடுதலாக இருக்கும். எப்படித் தெரியும் என்றால், ஒரு கொப்பியில் பார்த்தேன்.

என்னிடம் உயிரியல் படித்துப் போன பிள்ளை ஒருத்தி, நாலாம் வருட லீவில் வந்தபோது தன் வார்ட் கொப்பியைக் காட்டினாள். மனநல வார்டில் நோயாளியிடம் கேட்க வேண்டிய கேள்விகளை அழகான கையெழுத்தில் வரிசையாக எழுதியிருந்தாள். நித்திரை எப்படி, பசி எப்படி, முன்பு பிடித்த காரியங்கள் இப்போதும் பிடிக்கிறதா, எல்லாம் தன்னால்தான் என்று நினைக்கிறாரா, சாவைப் பற்றி யோசிக்கிறாரா. ஒவ்வொரு கேள்விக்கும் நேரே, தாளின் ஓரத்தில், பென்சிலால் ஒரு சின்னச் சரி.

"இது ஆர்ர கேஸ்?" என்று கேட்டேன்.

"என்ட" என்றாள்.

வருத்தம் என்ன என்று அவளே கண்டுபிடித்துவிட்டாள். பெயரும் தெரியும், மருந்தும் தெரியும். இருந்தும் எட்டு மாதமாக யாரிடமும் மூச்சு விடவில்லை. ஏன் என்று கேட்டால், அந்தக் கிளினிக்கில் இருக்கும் டொக்டர்தான் நாளைக்கு அவளுக்கு வைவா, அதாவது வாய்மொழிப் பரீட்சை, எடுப்பவர். கிளினிக் வாசலில் கொப்பியும் கையுமாக நிற்பது அவளுடைய பட்ச் பிள்ளைகள். அந்த வரிசையில் போய் எப்படித் துண்டு எடுத்துக்கொண்டு இருப்பது? காய்ச்சல் என்றால் போயிருப்பாள்.

ஆகவே உங்கள் தங்கச்சி வெளி மாவட்டத்தில் படிப்பது இந்த விசயத்தில் வசதி. லீவில் வரும்போது மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை உளநலப் பிரிவில் காட்டுங்கள். காசு இல்லை. அங்கே அவள் மாணவி இல்லை, நோயாளி மட்டும்தான். லீவு தூரத்தில் இருந்தால் லீவைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். நூல் கட்டியதற்காக அம்மாவுடன் சண்டை பிடிக்கவும் வேண்டாம், நூல் ஒரு கையில் இருக்கட்டும், கிளினிக் கொப்பி மற்றக் கையில் இருக்கட்டும். மந்திரம் போட்டு ஆளைப் பாயோடு ஒட்டவைக்கும் ஊர் என்று வெளியூர்க்காரர் நம்மைப் பகிடி பண்ணுவார்கள். விடிந்தும் எழும்ப ஏலாமல் கிடக்கிற பிள்ளையைப் பாயோடு ஒட்டவைத்தது எந்த மந்திரமும் இல்லை தம்பி.

மேசைக்கு முன்னால் இருந்து படிக்க ஏலாதா என்று கேட்டீர்கள். 2016இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் ஒரு ஆய்வு வந்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில், ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவ மாணவர்களிடம் எடுத்த கணக்குகளை ஒன்றாகக் கூட்டிப் பார்த்தது. 27.2 வீதமானவர்களுக்கு மனச்சோர்வோ அதன் அறிகுறிகளோ இருந்தன. 11.1 வீதமானவர்களுக்குத் தற்கொலை எண்ணம் வந்திருந்தது. பெரும்பாலும் கேள்விக்கொத்து கொடுத்து எடுத்த கணக்கு, டொக்டர் ஒருவர் முன்னால் இருந்து பார்த்துச் சொன்னதல்ல. அதைக் கழித்துக்கொண்டே படியுங்கள். எனக்கு உறைத்தது அந்த எண்கள் அல்ல, அடுத்த எண். மனச்சோர்வு இருப்பதாகத் தெரிந்தவர்களில் சிகிச்சை தேடிப் போனவர்கள் 15.7 வீதம். ஆறு பேரில் ஒருவர்கூட இல்லை. வைத்தியம் படிக்கிற பிள்ளைகள்!

நம் பிள்ளைகளுக்கு இதற்கு மேலும் சுமை இருக்கிறது. உயர்தரம் வரை தமிழில் படித்துவிட்டு, ஒரே நாளில் ஆங்கிலத்துக்கு மாறுகிறார்கள். தெற்கே போனால் நோயாளியோடு கதைக்கச் சிங்களம் வேண்டும். தெரிந்த விடையைக்கூட வாயில் கொண்டுவரப் பிந்துகிறது, பிந்தினால் படிக்கவில்லை என்ற பெயர். பாடம் ஒன்று பெயிலானால் ரிப்பீட், ரிப்பீட்டுக்கு கிளாஸ், அதாவது சிறப்புத் தரச் சித்தி, இல்லை. இன்டேர்ன்ஷிப் எங்கே என்பது மெரிட் லிஸ்டில் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. உயர்தரத்தில் மாவட்டத்தில் முன்னுக்கு நின்ற பிள்ளை, இங்கே பெயில் என்ற சொல்லை வாழ்க்கையில் முதல்தரம் கேட்கிறது. அதை எப்படித் தாங்குவது என்று அதற்கு யாரும் பழக்கவில்லை. நானும் பழக்கவில்லை.

வார்ட் ரவுண்டில் நோயாளிக்கு முன்னால், இருபது பேருக்கு முன்னால், "நீயெல்லாம் ஏன் மெடிசினுக்கு வந்தாய்" என்று கேட்கும் பெரிய டொக்டர்மார் இருக்கிறார்கள். எல்லாரும் இல்லை, ஆனால் ஒருவர் போதும். பகிடிவதையைத் தடுக்க 1998இல் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. சீனியர் செய்தால் பகிடிவதை, அதையே கொன்சல்டன்ட் செய்தால் பயிற்சி என்ற கணக்கு எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கேட்டால், "நாங்களும் இப்படித்தான் படிச்சு வந்தனாங்க" என்பார்கள். வந்தவர்கள் சொல்கிறார்கள். வராமல் போனவர்களிடம் யார் கேட்டது?

இதையெல்லாம் நானும் நீங்களும் நாளைக்கே மாற்ற ஏலாது. நம் கையில் இருப்பது வேறு ஒன்று. அதை எழுத எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது, ஏனென்றால் அதில் என் பங்கு பெரிது.

பெறுபேறு வந்த அடுத்த நாளே சந்தியில் பனர் கட்டுகிறோம் அல்லவா? என் டியூஷன் வகுப்புக்கும் கட்டினேன், வருடா வருடம். பிள்ளையின் பாஸ்போர்ட் சைஸ் படத்தை ஸ்டூடியோப் பெடியனிடம் கொடுத்தால், கழுத்தோடு வெட்டி எடுத்து, யாரோ ஒருவருடைய வெள்ளைக் கோட்டுக்கு மேலே ஒட்டித் தருவான். கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பும் அவனே போட்டுவிடுவான். பிள்ளை இன்னும் கம்பஸ் வாசலைக்கூட மிதிக்கவில்லை. நுழையவே பல மாதம் கிடக்கிறது, டொக்டர் என்று கையெழுத்து வைக்க அதற்குப் பிறகு ஆறேழு வருடம். ஆனால் அன்றைக்கே கடைக்காரர் "டொக்டர் வாங்க" என்கிறார். மாமி டொக்டர் என்கிறா. கோயிலில் ஐயர் டொக்டர் என்கிறார். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். பகிடியாகவும் பாசமாகவும் தொடங்குவது, கடைசியில் பிள்ளையின் பெயரையே எடுத்துவிடுகிறது. டொக்டர் எப்படிப் பெயிலாவது? டொக்டர் எப்படிப் பகலில் படுத்துக் கிடப்பது?

கொப்பி காட்டிய பிள்ளையிடம், வீட்டில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "வீட்ட போனா எல்லாரும் தங்கட வருத்தத்தத்தான் எனக்குச் சொல்றாங்க சேர்" என்றாள். அப்பாவுக்கு முழங்கால், பக்கத்து வீட்டு ஆச்சிக்குச் சீனி. ரிப்போட்டைக் கையில் தந்து, வாசித்துச் சொல் என்பார்களாம். அவள் வாசித்துச் சொல்வாளாம்.

படிப்பை விடுவது பற்றி: இப்போது முடிவெடுக்க வேண்டாம். விடவும் வேண்டாம், விடாதே என்று பிடிக்கவும் வேண்டாம். காய்ச்சல் நேரத்தில் காணி எழுதிக் கொடுப்பதில்லை அல்லவா? முதலில் நித்திரையும் பசியும் திரும்பட்டும். பீடத்தில் மாணவர் ஆலோசகர்கள் இருப்பார்கள், மருத்துவச் சான்றிதழோடு பரீட்சையைத் தள்ள வழி உண்டா என்று அவள் சார்பில் ஒருவர் கேட்டுப் பார்க்கலாம். ஒரு வருடம் பிந்தினால் ஊர் கதைக்கும். கதைத்துவிட்டுப் போகட்டும். ஆறு மாதம் கழித்து, சுகமான மனதோடு, இது எனக்கு வேண்டாம் என்று அவள் சொன்னால், அதையும் கேட்க நீங்கள் ஆயத்தமாக இருங்கள். ஒன்பது வருட வெயில் வீணாகிவிட்டது என்று அந்த நேரம் உங்களுக்குத் தோன்றும். அதை அவளிடம் சொல்லாதீர்கள். எனக்கு எழுதுங்கள், நான் பதில் போடுகிறேன்.

போனில் பரீட்சையைப் பற்றிக் கொஞ்ச நாளைக்குக் கேட்காதீர்கள். ஹொஸ்டலில் இரவுக்கு என்ன சாப்பாடு, மழையா வெயிலா என்று கேளுங்கள். சின்ன வயதில் வீட்டில் கூப்பிட்ட பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.

வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்கு வரச் சொல்லுங்கள். அதற்கு முன் அம்மாவிடம் ஒரு விசயம் சொல்ல வேண்டும். வீட்டு மதிலில் அந்தப் பனர் இன்னும் தொங்கினால் கழற்றிவிடட்டும். எறிய வேண்டாம், நெல்லுக் காயப்போட நல்ல உரமான சீலை அது. வெள்ளைப் பக்கம் மேலே இருக்கட்டும்.